அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள்

கொருக்குப்பேட்டை எடைமேடையில் பதினெட்டு வருஷம்.
லாரி ஏறும், நம்பர் துடிக்கும், அடங்கும்.
சரக்கோடு ஒரு கணக்கு, காலியாக ஒரு கணக்கு,
மிச்சத்தை எழுதி முத்திரை குத்துவேன்.
வீட்டிலும் ஒரு மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறாள் மலர்க்கொடி.
விடிந்ததும் வெறும் வயிற்றில் ஏறி நிற்க வேண்டும்.
ஒரே ராத்திரியில் ஒரு கிலோ கூடியிருந்தால்
அது தின்ற சோறு இல்லை,
வயிற்றில் ஊறிய தண்ணீர்.

ஈரல் சுருங்கிவிட்டதென்று ஸ்டான்லியில் சொன்னபோது
கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன்:
குடிக்க மாட்டேன் சார்.
டாக்டர் நம்பினார். ரத்தத்தில் பி வைரஸ் என்று
காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்.
எங்கிருந்து வந்தது, யாருக்குத் தெரியும்.
தெருவுக்கு ஈரல் என்றால் டாஸ்மாக்தான்.
ஆறு வருஷம் அல்சர் என்றே சொல்லி
உப்பில்லாத டப்பாவை யார்டில் தனியே திறந்தேன்.
காசிமேட்டுக் காற்று கருவாட்டை ஏந்தி வரும் நாட்களில்
ஜன்னலைச் சாத்த விடமாட்டேன்.
மூக்குக்குமா பத்தியம்?

பிறகு அந்தப் பட்டியல் வந்தது.
நாற்பத்தைந்து தாண்டி, அறுபது தொடாமல்,
இன்னின்ன வியாதி இருந்தால் முதலில் ஊசி.
மச்சான் போன் போட்டான்:
"இருக்கிற ஈரலும் பூடும் மாமா, சும்மா இரு."
டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்:
"கொரோனா வந்தாத்தான்யா இருக்கிற ஈரல் போகும்."
சீல் ஈரமாக இருந்தது. சட்டைப்பையில் பட்டுவிட்டது.

ரயில்வே கேட் பக்கத்து மாநகராட்சிப் பள்ளி.
நாலாய் மடித்த சீட்டை நீட்டினேன்.
நர்ஸம்மா விரித்து உரக்கப் படித்தார்.
"லிவரா? குடிப்பீங்களா?"
வரிசை மொத்தமும் என் தோளைப் பார்த்தது.
பின்னாலிருந்து ஒரு குரல்,
"நான் குடிச்சு வாங்கினேன், அவரு குடிக்காம வாங்கியிருப்பாரு.
ஊசிக்கு அதெல்லாம் தெரியாதும்மா, போடு."
தேசப்பன். துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர்.
கண்ணில் என்னைவிட மஞ்சள்.

தட்டணு கம்மி, தேய்க்காதீங்க,
மத்தவங்களைவிட கூட நேரம் அழுத்திப் பிடிங்க என்றார்கள்.
ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து
பஞ்சின்மேல் கட்டைவிரலை வைத்திருந்தேன்.
வெளியே கூட்ஸ் போனது.
நாற்பத்திரண்டு வேகன், கடைசியில் கார்டு பெட்டி.
விரலை எடுத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு.
மறுபடி வைத்துக்கொண்டேன்.
அரை மில்லி மருந்து. எந்த மேடையிலும் முள் அசையாது.

"நமக்கு முழுசாப் பிடிக்காதாமே?" என்றேன்.
தேசப்பன் பக்கத்துப் பெஞ்சில், அவர் பஞ்சோடு.
"அரை வாடகை குட்த்தாலும் மாசம் தள்ளும்ல.
காலி பண்ணுன்னு சொல்றப்ப பாத்துக்கலாம்."
அடுத்த ஊசிக்குச் சேர்ந்து வருவதாகப் பேச்சு.
நம்பர் வாங்க மறந்துவிட்டேன்.

இரண்டாம் முறை போனபோது ஊரே தீய்ந்து கிடந்தது.
ஸ்டான்லி வாசலில் ஆம்புலன்ஸ்களும் வரிசை கட்டின.
பள்ளியில் ஊசி வரவில்லை, வந்தது, தீர்ந்தது, மறுநாள் வந்தது.
இரண்டு நாளும் மதியம்வரை
வரிசையில் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.
என் முறை முடிந்து, விரல் அழுத்தியபடி வெளியே வரும்போது
ஆட்டோவிலிருந்து ஒரு கால் இறங்கிற்று, வீங்கிய கால்.
"நேத்து நாலு லிட்டர் எட்த்தாங்க, அதான் லேட்டு" என்றார்,
ஏதோ கல்யாணத்துக்குத் தாமதமானவர் மாதிரி.
கேட் மூடும்வரை கூடவே நின்றேன்.

மறுநாள் கையில் நாவற்பழ நிறத்தில் ஒரு வட்டம்.
சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
யார்டு பையன் கேட்டான்,
"அல்சருக்கெல்லாமா முன்னாடியே ஊசி போடறாங்க?"
மணல் லாரி மேடையில் ஏறியது.
நம்பர் துடித்துக்கொண்டிருந்தது.
"அல்சர் இல்லடா" என்றேன்.